மிஷனுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு

மிஷன் அழைப்பு, அதாவது வேறு ஊருக்குப் போய்ச் சபைக்காக முழுநேர ஊழியம் செய்யச் சொல்லும் அழைப்பு, வந்த அன்று எங்கள் வீட்டில் அம்மா அழுதார். சந்தோஷமா, கவலையா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். 18 மாதம் மகளைப் பிரிந்திருப்பது அவருக்கு ஒரு பாரம். "திரும்பி வரும்போது கல்யாண வயசு தாண்டிடுமே" என்ற சொந்தக்காரர்களின் பேச்சு இன்னொரு பாரம். நான் கோயம்புத்தூர்க்காரி. பெங்களூரு மிஷனில் ஊழியம் செய்தேன். பெரும்பகுதி ஐதராபாத்திலும் ராஜமுந்திரியிலும் கழிந்தது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து இப்போது புதிதாக அழைப்புப் பெற்றிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியே நம்மை மார்மன் என்பார்கள். அப்படிக் கேட்டால் கோபப்படாமல் சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள், பல நல்ல உரையாடல்கள் அங்கேதான் தொடங்கும்.

கிளம்பும் முன் என்னிடம் பலர் சொன்னது ஒன்றே: "உன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் இவை." அது பிறகு உண்மையாயிற்று. ஆனால் முதல் இரண்டு மாதம் அந்த வார்த்தை என்னை நசுக்கியது. சந்தோஷம் வரவில்லையே, என்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்தேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

கிளம்புவதற்கு முன்

முதல் வேலை, நம் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புஸ்தகத்தை ஒருமுறையாவது முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிப்பது. வகுப்பில் கேட்ட துண்டுகள் போதாது. அதில் மரோனி 10-ஆம் அதிகாரத்தில் ஒரு வாக்குத்தத்தம் இருக்கிறது: உண்மையான இருதயத்தோடு கேட்டால் பரிசுத்த ஆவியானவர் சத்தியத்தைக் காட்டுவார் என்று. நாளைக்கு யாரோ ஒருவருடைய வீட்டில் உட்கார்ந்து, "நீங்களே ஜெபித்துக் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லப்போகிறீர்கள். அதை நீங்கள் செய்து பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பதில் ஒரே இரவில் வரவில்லை. மூன்று வாரம் விடியற்காலையில் மொட்டை மாடியில் ஜெபித்தேன். ஒரு நாள் மனதுக்குள் ஒரு அமைதி வந்து தங்கியது, அவ்வளவுதான். அந்தச் சிறிய அமைதியை நம்பித்தான் ரயில் ஏறினேன். உங்களிடம் இருப்பதும் சிறியதாக இருந்தால் பயப்படாதீர்கள். ஆல்மா 32-ஆம் அதிகாரம் விசுவாசத்தை விதைக்குத்தான் ஒப்பிடுகிறது. விதையை நட்டுத் தண்ணீர் ஊற்றினால்தான் அது நல்ல விதையா என்று தெரியும்.

இரண்டாவது, கையால் செய்யும் வேலைகள். சோறு வடிக்க, ஒரு குழம்பு வைக்க, துணி துவைக்க, சட்டைக்கு இஸ்திரி போட, மாதச் செலவைக் கணக்கெழுதக் கற்றுக்கொள்ளுங்கள். தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். இதுவரை உங்கள் தட்டை அம்மாவோ அக்காவோ கழுவியிருப்பார்கள், அங்கே உங்களோடு ஜோடியாகத் தங்கி ஊழியம் செய்யும் கம்பானியன் கழுவ மாட்டார். மிஷனில் 6:30-க்கு எழுந்து 10:30-க்குப் படுக்க வேண்டும். ஒரு மாதம் முன்பிருந்தே உடம்பை அதற்குப் பழக்கினால் முதல் வாரத்தில் ஜெபிக்கும்போது தூங்கிவிழ மாட்டீர்கள்.

மூன்றாவது, வீட்டாருடன் பேசுவது. நம்மில் பலருடைய பெற்றோர் சபையில் இல்லை. இந்து வீடாக இருக்கலாம், சி.எஸ்.ஐ. அல்லது பெந்தெகொஸ்தே குடும்பமாக இருக்கலாம். அவர்களிடம் வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். எங்கே தங்குவோம், யார் பொறுப்பு, உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வார்கள் என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். தெளிவாகச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வீட்டாரோடு போனில் பேசலாம். அதற்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் பேச முடிந்தது. இதைச் சொன்னதும் என் அப்பாவின் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது.

முதல் பன்னிரண்டு வாரம்

பயிற்சி மையத்தில் நாட்கள் வேகமாக ஓடிவிடும். சிலர் முதலில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிப்பார்கள், பிறகு மையத்துக்குப் போவார்கள். அங்கே "என் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்" கையேட்டைக் கையில் கொடுப்பார்கள். 2004-இல் முதலில் வந்து, 2023-இல் திருத்தப்பட்டது. அதை மனப்பாடம் செய்யும் நூலாக எண்ணாதீர்கள். பாடத்தை ஒப்பிக்காமல், எதிரில் இருப்பவரின் தேவைக்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

பயிற்சி முடிந்து உங்கள் பகுதிக்குப் போனதும் முதல் பன்னிரண்டு வாரம் ஒரு பயிற்றுநர் உங்களுக்குக் கம்பானியனாக இருப்பார். எனக்கு ஏழாவது வாரம்தான் மிகக் கஷ்டம். புதுமை தீர்ந்துவிட்டது, வீட்டு ஞாபகம் தீரவில்லை. சந்திப்பதாகச் சொன்ன மூன்று குடும்பங்கள் ஒரே வாரத்தில் வர வேண்டாம் என்றன. இரவு குறிப்பேட்டைத் திறந்து எண்ணிக்கை எழுதினேன்: எத்தனை பேரோடு பேசினோம், எத்தனை பாடம், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள். கடைசி இடத்தில் பூஜ்யம் எழுதியபோது கை நடுங்கியது.

பயிற்றுநர் சிஸ்டர் (பெண் மிஷனரிகளை இப்படித்தான் அழைப்போம்) என் குறிப்பேட்டை வாங்கி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இன்னிக்கு யாரைப் பார்த்தோம்னு பெயர் எழுது" என்றார். எட்டுப் பெயர் எழுதினேன். "இவங்களுக்கு என்ன கஷ்டம்னு எழுது." நான்கு பேருக்கு மட்டுமே எழுத முடிந்தது. மற்ற நான்கு பேரை நான் பார்த்திருந்தேன், ஆனால் அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவு அந்த நான்கு பேருக்காகத்தான் ஜெபித்தேன். மிஷனில் எனக்கு மகிழ்ச்சி தொடங்கிய இரவு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். மிஷன் கேட்கும் கணக்கைக் கொடுக்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. படுக்கப் போகும் முன் பார்க்க வேண்டியது மட்டும் பெயர்கள் எழுதிய பக்கம்.

காலை நேரத்தைக் காப்பாற்றுங்கள்

காலையில் தனிப்பட்ட வாசிப்பு, பிறகு கம்பானியனோடு வாசிப்பு. புது மிஷனரிகள் அதிகம் இழப்பது இந்த நேரத்தைத்தான். தூக்கக் கலக்கத்தில் பக்கங்களைப் புரட்டிவிட்டு எழுந்துவிடுவோம். நான் கண்ட வழி இது: நேற்றைய பக்கத்திலிருந்து ஒரு பெயரை எடுங்கள், அவருக்காக வாசியுங்கள். கணவர் இறந்து ஆறு மாதமான அக்காவுக்காக வாசித்த நாளில் உயிர்த்தெழுதலைப் பற்றி ஏற்கனவே பலமுறை வாசித்த வசனங்கள் புதிதாக இருந்தன. என் விசுவாசத்துக்காக வாசித்த நாட்களைவிட இன்னொருவருக்காக வாசித்த நாட்களில்தான் என் விசுவாசம் வளர்ந்தது.

கம்பானியன்

நாள் முழுதும் ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரத்தில், கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவர்களோடுகூட நாம் அப்படி இருந்ததில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் வரும்போது கம்பானியன் மாறலாம், அதை எண்ணிக்கொண்டு நாளைத் தள்ளாதீர்கள்.

என் இரண்டாவது கம்பானியன் விசாகப்பட்டினத்துப் பெண். ஐதராபாத்தில் மே மாதம். எனக்கு ஃபேன் ஐந்தில் ஓட வேண்டும், அவள் இரண்டில் வைப்பாள். ஒன்பது நாள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. இரவில் ஒருத்தி எழுந்து கூட்டுவாள், இன்னொருத்தி எழுந்து குறைப்பாள். பகலில் அன்பைப் பற்றிப் பாடம் எடுத்தோம். அந்த வீடுகளில் எங்கள் வார்த்தை ஒட்டவில்லை என்பது எங்களுக்கே தெரிந்தது.

வாரத்துக்கு ஒருமுறை கம்பானியன் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறது. அதைத் தவறவிடவே விடாதீர்கள். அந்த வாரம் அவள் சொன்னாள்: சின்ன வயதிலிருந்து சைனஸ், காற்று முகத்தில் பட்டால் காலையில் தலையைத் தூக்க முடியாது. ஒன்பது நாள் நான் கேட்கவே இல்லை. கட்டில்களை இடம் மாற்றிப் போட்டோம், இரண்டு நிமிட வேலை. அன்று மாலை போன வீட்டில் ஜெபிக்கும்போது இருவருக்கும் குரல் தழுதழுத்தது.

அந்த வாரப் பேச்சுக்கு ஒரு முறை சொல்கிறேன். முதலில் கம்பானியனிடம் நீங்கள் கண்ட ஒரு நல்லதைச் சொல்லுங்கள், பொதுவாக அல்ல, அந்த வாரம் நடந்ததை. பிறகு, "நான் எதை மாற்றினால் உனக்கு எளிதாக இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் விளக்கம் கொடுக்க வாயைத் திறக்காதீர்கள். உங்கள் குறையைச் சொல்வது கடைசியில் இருக்கட்டும். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

வீடுகளில்

நாம் டீ, காபி குடிப்பதில்லை. நம் ஊரில் டீயை மறுப்பது விருந்தோம்பலையே மறுப்பதுபோல. "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். உட்காரும்போதே, "அம்மா, தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அவர் கையால் எதையாவது வாங்கிக் குடித்தால் போதும், அந்த வீட்டு அம்மாவின் மனம் நிறைந்துவிடும். தெலுங்கு வீடுகளில் நான் மோர் கேட்பேன், மஜ்ஜிக என்றால் உடனே வந்துவிடும்.

மொழி தெரியாத பகுதிக்குப் போகிறவர்கள் வெட்கப்படாமல் முதல் நாளே பேசத் தொடங்குங்கள். தமிழர்களுக்குத் தெலுங்கில் பாதி வழி திறந்தே இருக்கிறது. "செப்பண்டி" என்றால் சொல்லுங்கள், நம் பழைய "செப்பு"தான் அது. ஆனால் சில சொற்கள் ஏமாற்றும். ராஜமுந்திரியில் ஒரு பாட்டி எங்களிடம் பேசும்போது "அவசரமா?" என்று கேட்டார். எங்களுக்கு அவசரமா என்று கேட்கிறார், கிளம்பச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். அவர் முகம் வாடியது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கம்பானியன் சொன்னதும் மறுபடி உட்கார்ந்து, "எங்களுக்காக ஜெபியுங்கள், பாட்டி" என்றேன். நாங்கள் கற்பிக்கப் போன வீட்டில் அவர் எங்களுக்காக ஜெபித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது எனக்கு: "மீகு ஏமைனா அவசரமா?" சில வீடுகளில் பாத்திரம் கழுவினோம், சில வீடுகளில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பணம், வேலை, பள்ளிக்கூட இடம் என்று எந்த ஆசையையும் யாருக்கும் காட்டாதீர்கள், மறைமுகமாகக்கூட. மதம் மாறுவது பற்றிய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிஷன் தலைவர் வகுத்த எல்லைக்குள்ளேயே நடங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவர்களுக்குக் கற்பிக்காதீர்கள். வீட்டில் பூஜை அறையைப் பார்த்தால் மரியாதையோடு இருங்கள், யாருடைய சாமியையும் குறைத்து ஒரு வார்த்தை பேசாதீர்கள். மறுத்தவரிடம் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

மறுப்பு நிறைய வரும். அப்போது எனக்குத் துணையாக இருந்தது நம் ஊரிலேயே நடந்த ஒரு கதை. ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலண்டைன் 1853 ஜூலையில் மெட்ராஸில் வந்து இறங்கினார். அதற்கு நான்கு வருடம் முன்பு சால்ட் லேக் பள்ளத்தாக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர். மெட்ராஸில் ஒரு பத்திரிகை நடத்தினார், பிரசங்கித்தார். சேர்ந்தவர்கள் மிகச் சிலர். அடுத்த ஆண்டே திரும்பிப் போனார். கணக்கில் அது தோல்வி என்றே தெரியும். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1960களில், எங்கள் கோயம்புத்தூரில் எஸ். பால் திருத்துவதாஸ் சபையில் சேர்ந்து தன் சொந்த ஜனங்களுக்கு இதைச் சொல்லத் தொடங்கினார். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. வெயிலில் நடந்துபோன அந்த ஸ்காட்லாந்துக்காரர், தமிழ்ச் சிஸ்டர் ஒருத்தி பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு அதே மண்ணிலிருந்து கிளம்புவாள் என்று நினைத்திருப்பாரா என்று மட்டும் யோசிப்பேன், யோசித்தால் நடக்கத் தெம்பு வரும்.

மனம் இருண்டால்

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைத்தான் எனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை.

சபையின் தலைவராகப் பின்னாளில் இருந்த கோர்டன் பி. ஹிங்க்லி 1933-இல் மிஷனரியாக இங்கிலாந்தின் பிரஸ்டன் நகருக்குப் போனார். மனம் சோர்ந்து, இங்கே நேரத்தையும் உங்கள் பணத்தையும் வீணாக்குகிறேன் என்று அப்பாவுக்கு எழுதினார். உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்று அப்பாவிடமிருந்து சுருக்கமாகப் பதில் வந்தது. அன்று காலைதான் தன் ஜீவனை இழக்கிறவன் அதை இரட்சித்துக்கொள்வான் என்ற வசனத்தை வாசித்திருந்தார். முழங்காலில் நின்று கர்த்தருக்கு வாக்குக் கொடுத்தார், அவருக்கு எல்லாம் மாறிற்று. எல்லா மிஷனரிக் கூட்டத்திலும் இந்தக் கதையைக் கேட்பீர்கள். எனக்கும் இது உதவியது. என் சோர்வில் பாதி என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால் வந்தது.

ஆனால் என்னோடு ஊழியம் செய்த ஒரு சிஸ்டர் இதே வார்த்தையால் காயப்பட்டாள். அவளுக்கு வந்தது சோம்பலோ சுயநலமோ அல்ல, நோய். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை, ஜெபித்தாலும் ஒன்றும் உணர முடியவில்லை. இன்னும் உழைத்தால் சரியாகிவிடும் என்று தன்னையே அடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நானும் கவனிக்கத் தாமதித்தேன், அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

மிஷன் வாழ்க்கைக்குப் பழகுவது பற்றிச் சபை ஒரு சிறு கையேடு தருகிறது. மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறமாக அதில் பிரித்திருப்பார்கள். அதைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். வாரம் ஒருமுறை, சொந்த வேலைகளுக்கு ஒதுக்கிய பி-டே அன்று, துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு, நான் எந்த நிறத்தில் இருக்கிறேன் என்று பாருங்கள். மஞ்சள் என்றால் தூங்குங்கள், நடங்கள், கம்பானியனிடம் சொல்லுங்கள். அதைத் தாண்டினால் மிஷன் தலைவருக்கும் அவர் மனைவிக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். ஆலோசகரிடமும் மருத்துவரிடமும் போக அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்புங்கள். முன்கூட்டியே வீடு திரும்ப வேண்டி வந்தால் அதில் பாவமும் இல்லை, அவமானமும் இல்லை. அந்தச் சிஸ்டர் நான்கு மாதத்தில் வீடு திரும்பினாள். சிகிச்சை எடுத்தாள். இப்போது தன் பிராஞ்சில் (ஊர்ச் சிறு சபையில்) குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள், அவளைப்போல் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவரை நான் பார்த்ததில்லை.

எனவே முதலில் எது என்று பிரித்தறியுங்கள். தன்னையே நினைத்து வரும் சோர்வுக்கு மருந்து அடுத்தவரின் பாத்திரத்தைக் கழுவுவது. நோய்க்கு மருந்து மருத்துவரிடம் இருக்கிறது. விசுவாசம் இரண்டுக்கும் கூட வரும்.

மகிழ்ச்சி எப்படி இருக்கும்

ஆல்மா 26-ஆம் அதிகாரத்தை ஏதாவது ஒரு மாலையில் கம்பானியனோடு சத்தமாக வாசியுங்கள். மார்மன் புஸ்தகத்தில் வரும் லாமானியர் என்ற ஜனங்களிடையே அம்மோனும் சகோதரர்களும் 14 வருடம் ஊழியம் செய்தவர்கள். அம்மோன் தன் மகிழ்ச்சி நிரம்பி வழிகிறது என்கிறார். அதே அதிகாரத்தில்தான், இருதயம் சோர்ந்து திரும்பிப் போகவிருந்தோம், கர்த்தர் தேற்றினார் என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே மனிதரின் வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருகின்றன. அதைக் கவனித்த பிறகு சோர்ந்த நாட்களில் நான் என்னைக் குற்றவாளியாகப் பார்ப்பதை நிறுத்தினேன்.

என் மிஷனில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் குறைவு. ஒரு வெள்ளை உடையில் தண்ணீரிலிருந்து எழுந்து வந்த அண்ணனின் முகத்தை மறக்க முடியாதுதான். ஆனால் மகிழ்ச்சி என்றதும் எனக்கு முதலில் வருவது வேறொன்று. ராஜமுந்திரியில் மழை கொட்டிய ஒரு மாலை, கரண்ட் போய்விட்டது, அந்தப் பாட்டியின் வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான்கு பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். பாடம் எதுவும் எடுக்கவில்லை. பாட்டி தன் இறந்துபோன மகனைப் பற்றிப் பேசினார். நாங்கள் கேட்டோம். வெளியே வரும்போது கம்பானியன் என் கையைப் பிடித்தாள். நான் அன்று எதையும் எண்ணவில்லை, வீட்டை நினைக்கவில்லை, எத்தனை மாதம் மீதி என்று பார்க்கவில்லை. இயேசு அந்தத் தரையில் எங்களோடு உட்கார்ந்திருந்தார் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

திரும்பும் நாள்

கடைசி ஆறு வாரத்தில் பெட்டியைச் சீக்கிரமே கட்டாதீர்கள். கடைசி நாள்வரை வீடுகளுக்குப் போங்கள். ஊருக்கு வந்து, ஸ்டேக் தலைவரோ (பல ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பானவர்) மிஷன் தலைவரோ உங்களை விடுவிக்கும்வரை பெயர் அட்டை சட்டையில் இருக்கட்டும். அதைக் கழற்றும்போது நெஞ்சு காலியானதுபோல் இருக்கும், அழுகை வந்தால் அழுங்கள். பிறகு படிப்பையோ வேலையையோ அந்த மாதமே தொடங்குங்கள். வெறுமனே இருந்தால் அந்த வெறுமை பெரிதாகும்.

என் குறிப்பேடுகள் மூன்று, அம்மாவின் பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருக்கின்றன. ஞாயிறு உபவாச நாட்களில் எடுத்து ஒரு பக்கத்துப் பெயர்களுக்காக ஜெபிப்பேன். பாட்டி கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை அவர் பேத்தியின் போனிலிருந்து அழைப்பார். என் தெலுங்கு இப்போது துருப்பிடித்துவிட்டது. அவர் கேட்கும் முதல் கேள்வி மட்டும் உடனே புரிந்துவிடுகிறது.